எச்சில் விழுங்கினாலே கழுத்து வலிக்கிறது, இது சுளுக்கா?

வாசகர் கடிதம்:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 41, ஊர் பேரணாம்பட்டு. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. பொங்கலுக்கு முந்தின வாரம் வீட்டில் எல்லோருக்கும் சளி, காய்ச்சல் வந்தது. எனக்கும் வந்து போய்விட்டது. அப்புறம் பத்துப் பதினைந்து நாள் கழித்து, கழுத்தின் முன்பக்கம் இடது ஓரமாக வலி ஆரம்பித்தது. சாப்பாடு வேண்டாம், எச்சில் விழுங்கினாலே வலிக்கிறது. தாடைக்கும் காதுக்கும் ஏறுகிறது. தலை குனிந்தே தைப்பதால் வந்த சுளுக்கு என்று மாமியார் எண்ணெய் போட்டு வழித்துவிட்டார். அன்று ராத்திரி வலி உயிர் போனது. இரண்டு தடவை ஐந்தைந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன், பலன் இல்லை. நடுவில் ஒரு ஊசி போட்டார்கள், இரண்டு நாள் வலி இருந்த இடம் தெரியவில்லை, மூன்றாம் நாள் திரும்பி வந்துவிட்டது. இப்போது வலி வலது பக்கத்துக்கு மாறியிருக்கிறது. சாயந்திரமானால் உடம்பு லேசாகச் சுடுகிறது, படபடப்பாக இருக்கிறது, கை நடுங்குகிறது. இரண்டு கிலோ இளைத்துவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் தொண்டை சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். என் சித்தப்பா தொண்டைப் புற்றுநோயில் போனவர். எனக்கும் அதுதானோ என்று தூக்கம் வரவில்லை. தாலிக் கயிறு உரசினாலும் வலிக்கிறது. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தாலியைக் கழற்ற வேண்டியிருக்குமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

விடையில் முக்கால் பங்கை நீங்களே எழுதிவிட்டீர்கள். 'வலி இடதிலிருந்து வலதுக்கு மாறியது' என்ற வரிக்கு வந்ததும் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல் நோயின் பெயரை அடித்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் என் சந்தேகம் எங்கே போகிறது என்பதை உங்களிடம் மறைக்கவும் மாட்டேன். தொண்டையையும் சுளுக்கையும் தாண்டி, உங்கள் தைராய்டு சுரப்பியின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஏன் என்று சொல்கிறேன்.

விழுங்கும்போது வலிக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் டார்ச்சை எடுப்பதில்லை. 'ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்க' என்பேன். சிலர் வாயைத் திறந்து உள்ளே காட்டுவார்கள். அது டான்சில், தொண்டைப் புண் வகை. சிலர் விரல் தாடையின் மூலைக்குக் கீழே போகும். அங்கே நெறி கட்டியிருக்கலாம், உமிழ்நீர்ச் சுரப்பியில் கோளாறு இருக்கலாம், கடைவாய்ப் பல்லும் காரணமாக இருக்கலாம். சிலர் நடுமார்பைக் காட்டுவார்கள். அது உணவுக்குழாய். இன்னும் சிலர், உங்களைப் போல, குரல்வளைக்குக் கீழே, கழுத்துக் குழிக்குச் சற்று மேலே, ஓரமாக விரலை வைப்பார்கள். வைத்த உடனே முகம் சுளிப்பார்கள், ஏனென்றால் தொட்டாலே வலிக்கும். இந்தக் கடைசி ரகத்தை டார்ச் வெளிச்சத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. வலிக்கிற இடம் தொண்டைக்கு வெளியே இருக்கிறது. தொண்டை சுத்தமாக இருக்கிறது என்று உங்களிடம் சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தேடிய இடம்தான் வேறு.

தொண்டையில் ஒன்றுமில்லை என்றால் விழுங்கும்போது ஏன் வலிக்க வேண்டும்? இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். குரல்வளை மேல் இரண்டு விரலை லேசாக வைத்துக்கொண்டு ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள். மொத்தக் குரல்வளையும் விரலுக்கடியில் மேலே ஏறி இறங்கும். விழுங்குவது என்றால் உணவு பாட்டுக்கு உள்ளே வழுக்கிப் போவது என்று நினைக்கிறோம். நாக்கெலும்பு, குரல்வளை, மூச்சுக்குழாயின் மேல்பகுதி எல்லாம் ஒரு லிஃப்ட் போல மேலே போய்வந்தால்தான் ஒரு வாய் சோறு பத்திரமாக இறங்கும். தைராய்டு சுரப்பி அந்த மூச்சுக்குழாயோடு சவ்வால் ஒட்டிக்கொண்டிருப்பதால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். அது வீங்கிப் புண்பட்டிருந்தால் ஒவ்வொரு விழுங்கலும் புண்ணைப் பிடித்து இழுப்பது போலத்தான். சாப்பிடாமல் இருந்தாலும் எச்சிலை நாளெல்லாம் விழுங்கிக்கொண்டே இருக்கிறோமே, அந்தக் கழுத்துக்கு ஓய்வு ஏது?

காது வலிக்கும் இதே மாதிரி ஒரு விளக்கம் உண்டு. தொண்டை, குரல்வளைப் பக்கத்து நரம்புகளின் கிளைகள் காதுக்கும் போகின்றன. கழுத்தில் பிறந்த வலி காதில் கேட்கிறது. காதில் சொட்டு மருந்து விட்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

சரி, தைராய்டுக்கு என்ன ஆகியிருக்கும்? சளிக் காய்ச்சல் போல ஒரு வைரஸ் தொற்று வந்துபோன சில வாரங்களில், சிலருக்கு அந்தச் சுரப்பி அழற்சி கண்டு வீங்கும். சீழ் பிடிக்காது, கிருமியும் அங்கே இருக்காது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வென் 1904-இல் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரிலேயே இன்றும் சொல்கிறோம். உங்கள் கம்பெனியில் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டோரம் வலி என்று கைப்பட்டை போட்டிருக்கும் அக்காமார்கள் யாராவது இருப்பார்கள். அந்தத் தசைநார் வலிக்கும் இதே மனிதரின் பெயர்தான். ஒரே தையல் கூடத்தில் அவருக்கு இரண்டு நோயாளிகள்!

இந்த அழற்சி ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம், முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் பெரும்பாலும் வரும். ஒரு பக்கம் ஆரம்பித்து மறுபக்கத்துக்கு நகர்வது இதன் தனி அடையாளம். சுளுக்கு அப்படி இடம் மாறாது, டான்சிலும் மாறாது. சாயங்காலச் சூடு, உடம்பு அசதி, கயிறு பட்டாலே வலி, தேய்த்துவிட்டதும் கூடிய வலி எல்லாம் இதோடு பொருந்துகின்றன. உங்கள் மாமியாரைக் குறை சொல்லாதீர்கள். குனிந்து தைக்கிற மருமகளுக்குக் கழுத்து வலி என்றால் யாருக்கும் சுளுக்குதான் தோன்றும். இனி மட்டும் கழுத்தின் முன்பக்கத்தை யாரும் வழிக்கவோ அமுக்கவோ வேண்டாம்.

அந்த ஊசிதான் எனக்கு இன்னொரு துப்பு. இரண்டு நாள் வலி மாயமாகி மூன்றாம் நாள் திரும்பி வந்தது என்றால் அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். இந்த அழற்சியின் வலி ஸ்டீராய்டுக்கு ஓரிரு நாளில் கட்டுப்படும், மருந்தின் வேகம் இறங்கியதும் தலைதூக்கும். சீட்டு இருந்தால் பத்திரமாக வைத்திருந்து மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாமே என்று மட்டும் போய்விடாதீர்கள்.

இனி படபடப்பு, கை நடுக்கம், எடை குறைந்தது. இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் பக்கத்து ஏரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். காவேரிப்பாக்கம் ஏரிக்குப் பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்து சேரும், மதகு வழியாக அளந்து வயலுக்குப் போகும். தைராய்டும் ஏரிதான். இரண்டு மூன்று மாதத்துக்குத் தேவையான ஹார்மோனைச் சேமித்து வைத்துக்கொண்டு, தினம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும். அழற்சியில் கரை உடைகிறது. சேமித்ததெல்லாம் ஒரே நேரத்தில் ரத்தத்தில் பாய்கிறது. அதனால்தான் இதயம் அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது, உடம்பு இளைக்கிறது.

ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) குறைவாகவும் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகமாகவும் வரும். அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்தால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிற நோய் என்றே தோன்றும். சுரப்பைத் தடுக்கும் கார்பிமசோல் மாத்திரையை எழுதிவிடுவதும் நடக்கிறது. கரை உடைந்த ஏரிக்கு வரத்துக் கால்வாயை அடைத்து என்ன பயன்? இங்கே புதிதாக எதுவும் அதிகம் சுரக்கவில்லை, இருந்ததுதான் ஒழுகுகிறது. எனவே உங்களுக்கு இந்த மாத்திரையை யாராவது எழுதினால், 'இது சுரப்பு அதிகமா, அழற்சியில் ஒழுகுவதா?' என்று பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல மருத்துவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

(கார்பிமசோல் பற்றிப் பேச்சு வந்ததால் வேறு வாசகர்களுக்கும் ஒன்று. சுரப்பு அதிகமான நோய்க்காக அதைச் சாப்பிடுகிறவர்களுக்குத் திடீரென்று காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அரிதாக அந்த மருந்து வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். கஷாயம் குடித்துப் பார்க்கிற நேரம் அது இல்லை.)

உங்களுக்குத் தேவையான பரிசோதனைகள் அதிகமில்லை. டிஎஸ்எச், ஃப்ரீ டி4, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, முழு ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, கழுத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதில் ஈஎஸ்ஆர் என்ற பழைய, மலிவான பரிசோதனையைத் தள்ளிவிடாதீர்கள். இந்த நோயில் அது பெரும்பாலும் 50-ஐத் தாண்டும், சிலருக்கு 100-க்குப் பக்கம் போகும். ஈஎஸ்ஆரும் சிஆர்பியும் சாதாரணமாக இருந்தால் என் சந்தேகத்தை நானே பாதி வாபஸ் வாங்கிக்கொள்வேன். ஸ்கேனில் கட்டி, நீர்க்கட்டிக்குள் ரத்தக் கசிவு, சீழ், நெறி எல்லாம் தெரிந்துவிடும். தைராய்டில் ஏற்கெனவே இருந்த சிறு நீர்க்கட்டிக்குள் திடீரென்று ரத்தம் கசிந்தாலும் இப்படி ஒரு பக்க வலி வரும். ஆனால் அது ஒரே நாளில் பொசுக்கென்று வரும், ஊர்ந்து மறுபக்கம் போகாது.

வேலூருக்கு வர முடிந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ பொது மருத்துவப் பிரிவிலோ காட்டலாம். லீவு போடுவது கஷ்டம் என்றால் ரத்தப் பரிசோதனையை ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள், ஒரு நாள் மிச்சம். பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

அழற்சி என்று உறுதியானால் சிகிச்சை எளிதுதான். ஆன்டிபயாடிக் தேவையில்லை. லேசான வலிக்கு ஐபுப்ரோஃபென் போன்ற அழற்சி குறைக்கும் வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பார்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வலி அடங்காவிட்டால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. அதைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும், நடுவில் 'சரியாகிவிட்டதே' என்று விட்டால் வலி திரும்பும். சர்க்கரை இருப்பவர்களுக்கு அது சர்க்கரையை ஏற்றும், அதனால்தான் அந்தப் பரிசோதனையையும் சேர்த்தேன். படபடப்புக்கு ப்ரொப்ரனலால் மாதிரி மாத்திரை கொஞ்ச நாள் போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

வலி போனதும் கதை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உடைந்து வடிந்த ஏரி கொஞ்ச காலம் வறண்டு கிடக்கும். படபடப்பு அடங்கி, அடுத்த சில மாதங்களில் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுவது என்று எதிர்ப்பக்கமாகத் திரும்பலாம். ஆறு வாரம், எட்டு வாரத்துக்கு ஒரு தடவை டிஎஸ்எச் பார்த்துக்கொண்டே வர வேண்டும். பெரும்பாலோருக்குச் சுரப்பி தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். நூறில் ஐந்து முதல் பதினைந்து பேருக்குச் சுரப்பு நிரந்தரமாகக் குறைந்து, தினம் காலையில் ஒரு தைராக்சின் மாத்திரை தேவைப்படும்.

உங்களுக்கு இவ்வளவு போதும். ஆனால் இதே கேள்வியை வெவ்வேறு கழுத்துகளோடு பலர் கேட்கிறார்கள், எல்லோருக்கும் தைராய்டு என்று நினைத்துவிடக் கூடாது. மிகச் சாதாரணமானது வைரஸ் தொண்டை வலி. நாலைந்து நாளில் தானாகப் போகும், வெந்நீரும் உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பும் போதும். காய்ச்சலோடு டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் வலிக்கும் நெறி, இருமல் இல்லை என்றால் பாக்டீரியாவாக இருக்கலாம். அப்போதுதான் ஆன்டிபயாடிக் பற்றியே யோசிக்க வேண்டும். குழந்தைகளுக்குக் காதுக்குக் கீழே கன்னம் உப்பினால் பொன்னுக்கு வீங்கி. தங்கச் சங்கிலி போட்டால் இறங்கும் என்பார்கள். போட்டாலும் போடாவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் இறங்கத்தான் போகிறது. சாப்பாட்டு வாசனை வந்ததுமே தாடைக்கு அடியில் எலுமிச்சை அளவுக்கு வீங்கி, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வடிகிறது என்றால் உமிழ்நீர்க் குழாயில் கல். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் தொண்டையில் பூஞ்சைப் படலம் படர்ந்து விழுங்க வலிக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு பிரியாணியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் சாப்பிட்டு அப்படியே சாய்கிறவர்களின் தொண்டையை வயிற்று அமிலம் அரிப்பதும் உண்டு. ஆம்பூர்க்காரர்களிடம் பிரியாணியை விடச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, நேரத்தையாவது முன்னுக்குத் தள்ளுங்கள்.

மாத்திரை சிக்கிக்கொள்வதையும் பலர் கவனிப்பதில்லை. டாக்சிசைக்ளின், இரும்புச்சத்து மாத்திரை, எலும்புத் தேய்வுக்கான சில மாத்திரைகளை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டு உடனே படுத்தால், அவை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். ஒரு முழு டம்ளர் தண்ணீர், பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மீன் முள்ளுக்கு ஒரு பத்தி ஒதுக்கியே ஆக வேண்டும். முள் குத்தியவர் குத்திய நிமிடத்தைச் சொல்வார், பக்கத்தையும் சரியாகக் காட்டுவார். நம் வீடுகளில் உடனே ஒரு சோற்று உருண்டை, இல்லையென்றால் வாழைப்பழம். சில சமயம் முள் போய்விடும், அதுதான் அந்த வைத்தியத்துக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிறது. போகாதபோது அந்த உருண்டை முள்ளை ஆழமாகக் குத்தி இறக்கும். குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் ஆறாம் நாள் வந்தார். மோர்தானா அணை மீன் என்று பெருமையாகச் சொன்னார், பேசும்போதே கழுத்தைத் திருப்ப முடியவில்லை, காய்ச்சல் வேறு. முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லையாம். எக்ஸ்ரேயில் எல்லா முள்ளும் தெரியாது. சிடி ஸ்கேனில் முள்ளும் அதைச் சுற்றிச் சீழும் தெரிந்தன. பிழைத்துக்கொண்டார். முள் போன பிறகும் கீறல் ஓரிரு நாள் உறுத்தும். அதற்கு மேல் நீடித்தால், காய்ச்சல் வந்தால், எக்ஸ்ரே சுத்தம் என்பதை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது.

கழுத்தெலும்பு, தசைப் பக்கத்துக் காரணங்களும் உண்டு, ஆக உங்கள் மாமியார் நினைத்தது முழுக்கத் தவறில்லை. முதுகெலும்புக்கு முன்னால், தொண்டையின் பின்சுவரை ஒட்டி ஒரு நீளமான தசை இருக்கிறது. அதன் மேல்முனைத் தசைநாரில் சுண்ணாம்புச் சத்து படிந்து திடீரென்று அழற்சி வரும். வாலாஜாவிலிருந்து ஒரு பஸ் ஓட்டுநர் வந்தார். காலையில் எழுந்தபோது கழுத்து மரக்கட்டை போல இறுகிவிட்டது, எச்சில் விழுங்கினால் கண்ணில் நீர். சீழ் என்று பயந்துதான் அனுப்பியிருந்தார்கள். சிடியில் முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு முன்னால் ஒரு சுண்ணாம்புப் பொட்டு. வலி மாத்திரையிலேயே இரண்டு வாரத்துக்குள் ஸ்டியரிங் பிடித்துவிட்டார். வயதானவர்களுக்குக் கழுத்தெலும்பின் முன்பக்கம் முளைக்கும் எலும்பு முகடுகள் உணவுக்குழாயை அழுத்தி, கெட்டியான உணவைத் தடுக்கும். காதுக்குக் கீழே உள்ள ஊசி போன்ற எலும்பு சிலருக்கு வழக்கத்தைவிட நீண்டிருக்கும், முள் குத்தியது போலவே மாதக் கணக்கில் உறுத்தும், தலையைத் திருப்பினால் கூடும். அமெரிக்க மருத்துவர் ஈகிள் 1937-இல் எழுதிய நோய் அது. டான்சில் குழியில் விரலை வைத்துத் தடவினால் எலும்பு முனை தட்டுப்படும்.

விழுங்குவதோடு சம்பந்தமே இல்லாமல், சோளிங்கர் மலைப் படி ஏறும்போது கழுத்தும் தாடையும் பிடித்து, உட்கார்ந்தால் விடுகிறது என்றால் தொண்டை மருத்துவரிடம் வராதீர்கள். இதயத்தைப் பாருங்கள், அன்றே.

இனி உங்கள் பயம். சித்தப்பாவைப் பறிகொடுத்த வீட்டில் அது வரத்தான் செய்யும். அவர் புகையிலை போட்டவரா, பீடி குடித்தவரா என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்துத் தொண்டைப் புற்றுநோய்களுக்குப் பின்னால் பெரும்பாலும் புகையிலை இருக்கும், மதுவும் சேர்ந்தால் ஆபத்து பெருகும். ஒரே குடும்பம் என்பதற்காக மட்டும் உங்களுக்கு அது தாவி வராது. அந்த நோய் வருகிற விதமும் வேறு. மாதக் கணக்கில் மெல்ல மெல்ல வளரும். முதலில் இட்லி, சப்பாத்தி இறங்காது, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் சரியாகாது. ஒரே பக்கக் காது வலி, எச்சிலில் ரத்தம், கழுத்தில் வலியில்லாத கெட்டியான கட்டி இவையெல்லாம் கூட வரும். உங்களுக்கோ ஒரு காய்ச்சலுக்குப் பின்னால் தேதி சொல்கிற மாதிரி ஆரம்பித்து, பக்கம் மாறி, ஊசிக்கு அடங்கித் திரும்பியிருக்கிறது. தைராய்டில் வரும் புற்றுநோயும் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கிறதே என்பது இங்கே ஓரளவு ஆறுதல் தரும் செய்திதான். இருந்தாலும் ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டும், மூன்று நான்கு வாரச் சிகிச்சையிலும் வலி குறையாவிட்டால் குழாய்க் கேமரா வைத்துத் தொண்டையின் அடிப்பகுதியையும் பார்த்துவிட வேண்டும். நெடுநாள் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு உணவுக்குழாயின் வாசலில் ஒரு சவ்வு வளர்ந்து கெட்டியான உணவைத் தடுப்பது உண்டு, அதைக் கவனிக்காமல் விட்டால் பின்னாளில் புற்றுநோய்க்கு இடம் கொடுக்கும். அதனால் உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அந்த ரத்தப் பரிசோதனையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகளையும் சொல்லிவிடுகிறேன். சொந்த எச்சிலையே விழுங்க முடியாமல் வழிவது, மூச்சு இழுக்கும்போது சத்தம், வாய் இரண்டு விரல் அகலத்துக்கும் திறக்காமல் பேச்சு குழறுவது, பல் வலிக்குப் பிறகு தாடைக்கு அடியில் பலகை போல வீங்கி நாக்கு மேலே தூக்குவது, கடும் காய்ச்சலோடு கழுத்து இறுகுவது. இதில் ஒன்று இருந்தாலும் இரவு என்று பார்க்காதீர்கள். குழந்தை எச்சில் வழிய, முகத்தை முன்னே நீட்டி மூச்சுக்குத் தவித்தால் ஸ்பூன் விட்டு வாய்க்குள் பார்க்காதீர்கள், அழவைக்கவும் வேண்டாம். மடியில் உட்கார்ந்தபடியே கொண்டுபோங்கள்.

நீங்கள் இந்த வாரத்துக்குள் பரிசோதனைக்குப் போனால் போதும். அதுவரை இட்லி, ரசம் சாதம், மோர் மாதிரி மெத்தென்றவை சாப்பிடுங்கள். படபடப்பு அடங்கும் வரை டீ, காபியைக் குறையுங்கள். அயோடின் மாத்திரை, எடை குறைக்கும் பொடி எதுவும் வேண்டாம். கம்பெனியில் சூப்பர்வைசரிடம் சொல்லி, ஓட்டமும் தூக்குவதும் இல்லாத இடத்தில் உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.

தாலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். கழுத்து ஸ்கேனுக்கு அதைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். கழுத்தில் கூழ் மாதிரி ஜெல் தடவி ஒரு கருவியை நகர்த்துவார்கள், அவ்வளவுதான். கயிற்றைத் தோள்பட்டைப் பக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டால் போதும், ஜெல் படாமல் இருக்க ஒரு கைக்குட்டை கொண்டுபோங்கள். சிடி ஸ்கேன் என்று வந்தால்தான் குண்டுமணியும் தங்கமும் படத்தை மறைக்கும். அப்போது கேட்பார்கள், உங்களுக்கு அது தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். வலி குறையும் வரை கயிற்றை ஜாக்கெட்டுக்கு மேலே போடாமல் உள்ளே விட்டு, கழுத்தில் உரசுகிற இடத்தில் ஒரு மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். மாமியார் கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.